தொந்தியில்லாத தொந்தி கிளப்

காப்பி கிளப் நடத்துகிறவனுடைய போர்டு வாசலில் தொங்குவதில்லை; அவன் வேட்டிக்கு மேலேதான் தொங்குகிறது.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் இருந்த என் கடைக்கு நான் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. பெயிண்டர் அதை மூன்று நிறத்தில் எழுதிக் கொடுத்தார். அதை ஒருவராவது படித்ததாகத் தெரியவில்லை. ரயிலடியில் இறங்கி, ஜட்கா வண்டிக்காரனிடம் ‘தொந்தி கிளப்’ என்றால் போதும், நேரே என் வாசலில் இறக்கிவிடுவான். அதில் எனக்குப் பெருமைதான். என் கடை நெய் தோசையும் அல்வாவும் எப்படிப்பட்டவை என்பதற்கு நானே சாட்சியாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். என்னைப்போல் உட்கார்ந்தே பெருத்து, பிறகு இளைக்கிறேன் பேர்வழி என்று புறப்பட்டு அவதிப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தலையாட்டிய மாதிரி

எதிர்ச்சாரியில் மிட்டாயும் காப்பியும் விற்ற சிதம்பரம் எனக்குப் போட்டிக் கடைக்காரர், ஆனால் உற்ற சிநேகிதர். வயதும் ஒன்று, சுற்றளவும் ஒன்று. கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் அங்கே கல்லாவில் தூங்கி விழுவார், நான் இங்கே தூங்கி விழுவேன். ஒருநாள் முற்பகலில் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஊருக்குப் பழகிய காட்சிதான். வந்தவர்கள் தின்றார்கள், குடித்தார்கள், சில்லறையை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். நான்கூட என் இடத்திலிருந்து பார்த்து, இன்றைக்குச் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டேன். வெயில் முகத்தில் விழுந்தும் மனிதர் அசையவில்லையே என்று அவர் மனைவி வந்து தோளைத் தொட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, உடம்பின் பாரம் தாங்காமல் இருதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர்.

செத்துப்போன மனிதர் முன்னால் தெருவே காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறது, நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கடைசியாக வைத்தவர் கோர்ட்டு குமாஸ்தா ரத்தினம். காப்பிக்கான சில்லறையும் அதன்மேல் சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்றும் அவர் வைத்தபடியே மேசையில் இருந்தன. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத அந்த மனிதர் நடுத்தெருவில் நின்றுகொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: “சில்லறைய வச்சிருக்கேன், எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தாங்க போனேன். தலைய ஆட்டுன மாதிரியே இருந்துச்சுங்க.”

பார்சல் ஆபீசில்

மறுநாள் அதே டாக்டரிடம் போய் நின்றேன். மார்பில் குழாயை வைத்துக் கேட்டவர் முகத்தைச் சுளித்தார். சிதம்பரம் உட்கார்ந்த மாதிரி நாற்காலியில்தான் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார். நெய், சர்க்கரை, பகல் தூக்கம் மூன்றையும் விடவேண்டும், தினமும் வியர்க்க வியர்க்க நடக்கவேண்டும், முடியாதென்றால் உங்கள் மனைவியையும் கைக்குழந்தையையும் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். எடை பார்க்க என்னைத் தம்முடைய மெஷினில் ஏற்றினார். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ரயிலடியில் பெரிதாக ஒன்று இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்.

பார்சல் ஆபீசில் மணமேல்குடிக் கருவாட்டுக் கூடைகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். ரயிலுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் ரயிலை மறந்துவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். கூலிக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள். பார்சல் கிளார்க் ஓர் எடைக்கல்லைப் போட்டார், இன்னொன்றைப் போட்டார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். அவர் சொன்ன மணங்குக் கணக்கைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை நாளும் அவ்வளவையும் சுமந்துகொண்டு திரிந்தவன் நான்தானா என்று இருந்தது. என் முகத்தைப் பார்த்து அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: “அண்ணே, இனிமே ரயில்ல போறப்ப டிக்கெட்டு எடுக்காதீங்க. பார்சல்ல போட்டா ஒங்களுக்குச் சல்லிசா முடியும்.”

சோற்றின் மேல் கோபம்

அன்று இரவு இரண்டு தோசையோடு இலையை மடித்தேன். என் மனைவி விசாலம் மூன்றாவது தோசையை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். அடுத்த நாள் நெய்க் கரண்டி வந்தபோது கையால் இலையை மறைத்தேன். அதற்கடுத்த நாள் பாயசத்தைத் தள்ளி வைத்தேன். நம் ஊர்ப்பக்கம் ஆண்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. நான் டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். சாப்பிடாதே என்று சொல்லவும் ஒரு டாக்டரா என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே கீரமங்கலத்திலிருந்து அவள் தம்பி நல்லதம்பி ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினான். என் மைத்துனன் நல்ல வாட்டசாட்டமான ஆள், வயிறும் எங்கள் தொழிலுக்கு ஏற்ற வயிறு. என்னைக் கொல்லைப்பக்கம் தனியாகக் கூப்பிட்டுப்போய், சீரில் என்ன குறை வைத்தோம், யார் என்ன சொன்னார்கள் என்று நயமாக விசாரித்தான். பஞ்சாயத்துப் பேச வந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயடைத்துப்போய் நின்றதை அவன் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “மச்சான், எங்க அக்கா தப்பு செஞ்சிருந்தா என்னைய நாலு அடி அடிங்க. சோத்து மேல கோவத்தக் காட்டாதீங்க.”

துண்டும் மாலையும்

வீட்டு விவகாரம் ஒருவழியாக ஓய்ந்தது. அடுத்தது நடை. விடியற்காலையில் கடையைத் திறந்து பலகாரம் போடும் மாஸ்டரிடம் விட்டுவிட்டு, நார்த்தாமலை போகிற ரோட்டில் திருக்கோகர்ணம் வரைக்கும் நடந்து திரும்புவது என்று ஏற்பாடு. வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு. எங்கிட்டு போறீங்க என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல மூச்சில்லை. கையை முன்னால் நீட்டிக் காட்டிவிட்டு வேகமாக நடந்தேன்.

திருக்கோகர்ணம் கோயிலை நெருங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். எங்கள் தெருக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் தோளிலும் துண்டு. ஒருவர் கையில் மாலை. நான் நின்றதும் அவர்களும் பேசாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். அடுத்தது யார் என்ற நினைப்பிலேயே இருந்தவன் அல்லவா நான். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர்களைக் கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற ஜவுளிக்கடைச் செட்டியாருக்குக் கோபமே வந்துவிட்டது: “எழவு எந்த வீட்லன்னு மொதல்லயே சொல்லியிருந்தா வண்டி கட்டிட்டு வந்திருப்போம்ல?”

மாஸ்டரின் மானம்

எங்கள் சரக்கு மாஸ்டர் சாமிக்கண்ணு பலகாரத்தில் மன்னன். முதல் ஈடு அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்து என் முன்னால் நீட்டுவார், நான் தின்று தலையாட்டிய பிறகுதான் தட்டு வெளியே போகும். நான் சர்க்கரையை விட்ட பிறகும் அவர் நீட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அவர் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு வந்து நின்றார். திகைத்துப்போய் என்ன மாஸ்டர் என்றேன். “மொதலாளி வாயில வைக்காத பண்டத்த நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போடுறது?”

பித்தளை டம்ளர்

மாஸ்டரைக் கெஞ்சி நிறுத்திக்கொண்டேன். மாதங்கள் போயின. வேட்டி இன்னும் ஒரு சுற்று வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். பெண் குழந்தை பேச ஆரம்பித்திருந்தாள், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தேன். அந்தச் சந்தோஷத்தோடு கல்லாவில் வந்து உட்கார்ந்து பார்த்தால், கடை காலியாக இருந்தது.

வெளியூர்க்காரர்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, தொந்தி கிளப் எது என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார்கள். உள்ளூர்க்காரர்கள், என்ன இப்படி எளைச்சுட்டீங்க என்று துக்கம் கேட்கும் குரலில் கேட்டார்கள். நம் பாஷையில் இளைத்தவன் என்றால் உடம்பு குறைந்தவன் மட்டும் அல்ல. தோற்றவன், நொடித்தவன், நோயாளி எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். கடை நொடித்துவிட்டது என்றார்கள் சிலர். எனக்குக் க்ஷயரோகம், ஒட்டிக்கொள்ளும் என்றார்கள் மற்றவர்கள். சாப்பாட்டுக் கடைக்காரனைப் பற்றி அதைவிடப் பெரிய பேச்சு வேண்டாம். தொந்தியை வைத்துக்கொண்டால் உயிர் போகும், விட்டால் கடை போகும் என்ற நிலையில், செட்டியார் ஒருவராவது வழக்கம்போல் வருகிறாரே என்று எழுந்துபோய் வரவேற்றேன். அவர் உட்கார்ந்து, மடியிலிருந்து தம் வீட்டுப் பித்தளை டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். நான் பார்த்த பார்வையில் அவருக்கே சங்கடமாகிவிட்டது: “ஒங்க மேல சந்தேகமில்லைங்க. டம்ளர் மேலதான்.”

பெரிய முதலாளி

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். ஒளிப்பானேன். விசாலம் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கல்லாவில் வயிறுதானே வேண்டும், என் தம்பியிடம் இருக்கிறதே என்றாள். நல்லதம்பி கீரமங்கலத்திலிருந்து மறுபடியும் வாழைத்தாரோடு வந்தான். விபூதி பூசிக்கொண்டு, சட்டையில்லாமல் கல்லாவில் உட்கார்ந்தான். அந்த வாரச் சந்தைக்கே கூட்டம் திரும்பிவிட்டது. மாஸ்டர் நீட்டிய அல்வாவையும் அவன் ஒன்றுக்கு மூன்றாகத் தின்று தலையாட்டினான். நான் இலை போடவும் தண்ணீர் வைக்கவும் ஓடியாடினேன், மிச்சமிருந்த சதையும் கரைந்தது. நான் காசு போட்டு ஆரம்பித்த கடையில், புதிதாக வந்த ஒருவர் என் முதுகில் தட்டிச் சொன்னதைக் கேட்டு நான் கையிலிருந்த செம்பையே கீழே போட்டேன்: “ஏம்ப்பா, மொதலாளி பாக்குறாரு. சுருக்கா எலையத் தொடை.”

கையில் வாங்கிக்கொண்டது

நல்லதம்பியை யாரும் போதும் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடை நடந்தது, அதைத்தான் பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடிகளுக்குள் அவன் அடங்காமல் போனபோதுகூட வேறு நாற்காலிக்குத்தான் சொன்னேன்.

ஒருநாள் முற்பகலில் தண்ணீர்க் குடத்தோடு உள்ளேயிருந்து வந்தேன். நல்லதம்பி சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் முன்னால் சில்லறை குவிந்திருந்தது. ஒருவர் மேலும் கொஞ்சம் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். குடத்தோடு கல்லாவை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன். கல்லாவுக்கு அந்தப் பக்கத்தில் குமாஸ்தா ரத்தினம் நின்றிருந்தார்.

சிதம்பரம் போனதிலிருந்து அவர் என் கடைக்குத்தான் வருவார். காசை எப்போதும் மேசையில் வைக்கமாட்டார், கையில்தான் கொடுப்பார். காசு விஷயத்தில் கறாரான ஆள் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வதுண்டு. அன்று அவர் எட்டி நல்லதம்பியின் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, ஓர் அம்மன் காசை உள்ளங்கையில் வைத்து மூடினார். கையை விடவில்லை. அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த விரல்கள் காசை இறுக்கின. நல்லதம்பி ஒரு கண்ணைத் திறந்து, என்னங்க என்றான். நான் குடத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரத்தினத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனாலும் அவர் பிடியை விடவில்லை: “வாங்கிக்கிட்டேன்னு ஒங்க வாயால சொல்லுங்க தம்பி. போன தடவ நான் கேக்காமப் போயிட்டேன்.”

மறுநாள் காலையிலிருந்து நானும் மைத்துனனும் சேர்ந்தே திருக்கோகர்ணத்துக்கு நடக்கிறோம். உயிருக்கு ஆபத்தில்லாத தொந்தி உங்களுக்குத் தெரிந்தவரிடம் ஒன்று இருந்தால், கல்லா நாற்காலி காலியாக இருக்கிறது, சொல்லி அனுப்புங்கள்.