ஒரு முறைதான் ஒலிக்கும்

என் அண்ணன் செத்துப் போன பிறகும் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் ஜப்பானிய மொழியில் மட்டும்.

காலையில் அண்ணி குக்கரை ஏற்றிவிட்டு, அவனுடைய பழைய கைப்பேசியை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் போடுவார். பல் தேய்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அவன் தொண்டையைச் செருமுவது கேட்கும். பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசுவான். ஒரு வார்த்தை புரியாது. முதலில் வாயில் நுரையோடு ஓடிப்போய்ப் பார்ப்பேன், போகப் போகக் கோபம்தான் வந்தது. தங்கச்சிக்கென்று தமிழில் ஒரு வரி பதிந்து வைக்காதவன், யாரோ ஒருவருடைய பாஷையில் இப்படி வாய் ஓயாமல் பேசுகிறானே என்று.

அண்ணி ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த ஊழியர், தரம் பார்க்கும் வேலை. முதலாளிகள் ஜப்பான்காரர்கள். அவர்கள் மொழித் தேர்வில் ஐந்து படிகள். நடுப்படியான என்3 தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கீழ்ப்படிகள் இரண்டிலும் குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகப் பேசுவார்களாம். என்3-இல் திடீரென்று மனுஷர் பேசுகிற வேகம் வந்துவிடும். அதைக் கேட்டாலே அண்ணிக்குக் காது அடைத்துக்கொள்ளும். அதனால் கூடவே படித்த அண்ணன், பயிற்சிப் புத்தகத்தின் உரையாடல்களைத் தானே நிதானமாகப் படித்துப் பதிந்து கொடுத்தான். பெண் குரலும் அவனேதான். அந்தக் கீச்சுக் குரலுக்கு நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

அப்புறம் ஒரு நாள் வேலைக்குப் போனவன் நடுச்சாலையிலேயே முடிந்துபோனான்.

அண்ணி தேர்வு எழுதினார். சொற்களிலும் வாசிப்பிலும் அள்ளிக்கொண்டு வந்தார். மொத்த மதிப்பெண்ணும் தேறியது. ஆனால் கேட்டல் பகுதிக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்சம் உண்டு. அதைத் தொடாவிட்டால் மற்றது எதுவும் செல்லாது. தோல்வி. தொழிற்சாலையில் அடுத்த தேர்வு வரைக்கும் மட்டும் தவணை கொடுத்தார்கள்.

"என்ன அண்ணி ஆச்சு?"

"ஒவ்வொண்ணையும் ஒரு தடவைதான் போடுவாங்க. நான் உங்க அண்ணன் குரலுக்காகவே காத்துக்கிட்டு இருந்தேன். யார் யாரோ பேசினாங்க. முடிஞ்சு போச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் வந்து பரீட்சை ஹால்ல பேசுவானா? அதை நிறுத்துங்க அண்ணி. அவன்தான் போயிட்டான், வேலையும் போகணுமா?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "நான் பாஸ் பண்ற வரைக்கும் நீயே வச்சுக்க. அழுது கேட்டாலும் குடுக்காத."

அதன்பிறகு சமையலறையில் அண்ணியின் கைப்பேசியிலிருந்து முன்பின் தெரியாத ஜப்பான்காரர்கள் மடமடவென்று பேசினார்கள். நான் பல் தேய்த்தபடி அவன் செருமலைத் தேடுவேன். பேய் இருந்த வீட்டைவிட, பேய் போன வீடுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் கைப்பேசியை அண்ணி ஒரு முறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றார். அது இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த தேர்வில் தேறினார். இந்த முறை கேட்டலில்தான் அதிக மதிப்பெண்!

முடிவு வந்த அன்று கைப்பேசியைக் கொடுத்தேன். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, எவ்வளவு தப்பா படிக்கிறார்! இவரெல்லாம் பாஸே பண்ணியிருக்க மாட்டார்." சிரித்தபடியே அழுதார்.

"அப்படி என்னதான் சொல்றான்?" என்றேன். இத்தனை நாளில் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஒருத்தர் ஆபீஸ்ல இருந்து பொண்டாட்டிக்குப் போன் பண்றார். பால் வாங்கிட்டு வரட்டுமாங்கிறார்." அண்ணன் கீச்சுக் குரலில் ஏதோ சொன்னான். "பால் எல்லாம் வேணாம், மழை வலுக்குதுன்னு அவ சொல்றா."

அண்ணன் தன் சொந்தக் குரலில் ஏதோ கேட்டான்.

"இது கேள்வி," என்றார் அண்ணி. "இந்த ஆள் இதுக்கப்புறம் முதல்ல என்ன செய்வார்?"

பதிலுக்கு அவன் இடம் விட்டிருந்தான். அவன் மூச்சு மட்டும் கேட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு அவனே விடையைச் சொன்னான்.

அண்ணி அதைத் தமிழில் சொன்னார். "நேரா வீட்டுக்கு வருவார்."