கிணறு ஊதாவான கிழமை

போன மாதம் யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றின் குளிரூட்டிய மண்டபத்தில் கூட்டம். நகரத்தில் வாழ்கிறவர்களும் வியாபாரம் செய்கிறவர்களும் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்பதுதான் பேச்சு. சுகாதாரக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர். பேசியவர் இளம்பிள்ளை, நல்ல குரல். "எங்கள் முன்னோர் ஒரு துளி நீரையும் மாசுபடுத்தாதவர்கள்" என்று அவர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலை கொதித்தது. அவர் முன்னோர் என்று சொன்ன காலத்தில் நான் உயிரோடு இருந்தேன். சம்பளமும் வாங்கினேன்.

கோபத்தோடு எழும்பிக் கக்கூஸ் பக்கம் போனேன். அங்கே பினைல் மணம். அந்த மணத்தோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. எண்பத்துநாலில் நான் முதன்முதல் வேலைக்குப் போன கந்தோரும் இப்படித்தான் மணக்கும். கந்தோரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நகரத்துக் கிணறுகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் பார்வையிடுவது எங்கள் வேலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. இணுவிலில் இருந்து சைக்கிளில் வருவேன். சைக்கிள் கூடைக்குள் சாப்பாட்டுப் பெட்டியும், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய ஒரு சாராயப் போத்தலும் இருக்கும். விளங்குகிறதா? நகரத்துத் தண்ணீர் நல்லது என்று கடுதாசியில் எழுதிக் கையெழுத்து வைக்கிறவன் அதில் ஒரு மிடறு குடிக்கமாட்டான். அந்த நாளில் இதை ஒரு கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

இணுவில் தண்ணீர் என்று பெருமை பேசுகிறேனே, அதற்குள் என் அப்பா புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அள்ளி எறிந்த யூரியா எவ்வளவு கரைந்திருந்ததோ. அது வேறு கதை, அதற்கும் நான் கோபப்பட வேண்டும், இன்னொரு நாளைக்குப் படுகிறேன்.

எங்கள் மண்ணில் ஆறில்லை. பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி அங்கேதான் கிடக்கிறது. அந்தக் கல்லோ தேன்கூடு மாதிரி ஓட்டை. சின்ன வயதில் கீரிமலைக் கேணியில் குளிக்கும்போது, கடலுக்குப் பக்கத்தில் இந்த நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அப்பாவைக் கேட்டேன். "எங்கையோ விழுந்த மழை, இஞ்சை வந்து எழும்புது" என்றார். இதற்கு மேல் ஒரு நிலவியல் பாடம் தேவையில்லை. ஒருவன் தன் வளவில் எதை ஊற்றினாலும் அது இன்னொருவனின் வாளியில் வரும்.

இதைக் கந்தோரில் இருந்த எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவ மெற்றில்டா அக்கா. குருநகர்க்காரி. நகரத்தில் ஒன்பது வீடுகள் கொண்ட ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்து, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தா. கடலில் இயந்திரப் படகு ஓட்ட அரசாங்கம் தடை போட்ட பிறகு அவவின் புருசனின் இஞ்சின் வீட்டு மூலையில் சாக்குப் போர்த்துக் கிடந்தது. ஐந்து பேரின் வயிறு அந்த இடியப்ப உரலை நம்பியிருந்தது. "குருநகரிலை கிணத்துத் தண்ணி உப்பு, தம்பி. உப்புத் தண்ணியிலை மா குழைச்சா வாயிலை வைக்கேலாது. உந்தக் கிணத்துக்காகத்தான் இஞ்சை வந்தனான்" என்று முதல் பார்வையிடலிலேயே சொன்னா.

ஒன்பது வீட்டுக்கும் ஒரே கிணறு. சைவக்காரரும் வேதக்காரரான கிறிஸ்தவர்களும் கலந்த ஒழுங்கை, ஆனால் கிணற்றடிக்கு ஒரே சட்டம். கிணற்றுக் கட்டிலிருந்து பத்தடிக்குள் சவர்க்காரம் போடக்கூடாது. கழுவிய தண்ணீர் வாய்க்காலால் வாழைகளுக்குப் போகும். அந்த வாழையின் இலையில்தான் மெற்றில்டா அக்காவின் இடியப்பம் கடைக்குப் போகும். அடுப்புக்குப் பனமட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும். இவர்கள் எல்லோரும் மகான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் சட்டத்தை மீறினால் மற்ற எட்டு வீடும் கிழி கிழி என்று கிழிக்கும், அதற்குப் பயந்துதான். அந்தச் சண்டைகள்தான் அந்தத் தண்ணீரைக் காத்தன. முன்னோரின் ஞானம் என்று மண்டபத்தில் கைதட்டினார்களே, அதன் உண்மையான சத்தம் அந்த ஏச்சுத்தான்.

ஒழுங்கைக்குப் பின்பக்கம், பெருந்தெருவைப் பார்த்தபடி ஒரு முதலாளி மூன்று மாடி லொட்ஜ் கட்டினார். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே அறைகள், அறைக்கு ஒரு கக்கூஸ். அவர் தந்த வரைபடத்தில் சீமெந்தில் பெரிய மலத்தொட்டி வடிவாகக் கீறியிருந்தது. அதைக் கோப்பில் போட்டவன் நான். வளவோ உள்ளங்கை அளவு, தொட்டி எங்கே வரும் என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. வளவின் எல்லையில் பாவனையில்லாத ஒரு பாழ்ங்கிணறு இருந்தது. தொட்டி கட்டும் செலவை மிச்சம் பிடித்து, கட்டடத்தின் கழிவுக் குழாயை நேரே அந்தக் கிணற்றுக்குள் விட்டுவிட்டார். ஒழுங்கைக் கிணறு அதிலிருந்து முப்பது யார் தூரம்.

லொட்ஜ் திறந்து சில மாதத்தில் ஒழுங்கையில் நெருப்புக்காய்ச்சல், அதுதான் தைபோயிட், வந்தது. நாலு பேர் விழுந்தார்கள். அதில் ஒருத்தி மெற்றில்டா அக்காவின் கடைசி மகள் ஜெசிந்தா, எட்டு வயது. எங்கள் கந்தோருக்குத் தலைவரான பெரிய ஐயா கோப்பைப் பார்த்தார், ஒழுங்கையின் பெயரைப் பார்த்தார், "உங்கை ஒருத்தி இடியப்பம் அவிக்கிறாளெல்லே?" என்றார். அவ்வளவுதான் விசாரணை. வீட்டில் நோயாளி இருப்பதால் உணவு தயாரிக்கத் தடை என்று நோட்டீஸ் அடித்து என் கையில் தந்தார். அதில் எழுதிய காரணம் பிழையென்று சொல்லமுடியாது. ஆனால் காய்ச்சல் வந்த பிறகும் லொட்ஜின் சமையலறையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பெரிய ஐயா மத்தியானச் சாப்பாடு அங்கேதான் சாப்பிடுவார்.

நான் போனபோது மெற்றில்டா அக்கா பெரியாஸ்பத்திரியில் இருந்து அப்போதுதான் வந்திருந்தா. நோட்டீசை இரண்டு முறை வாசித்தா.

"பிள்ளைக்கு எங்கையிருந்து வருத்தம் வந்தது எண்டு பாத்தனீங்களோ?"

"அது... இன்னும் பாக்கேல்லை, அக்கா."

"பாக்காமலே எழுதிப் போட்டியள். கிணத்துத் தண்ணி ரண்டு மாதமா மணக்குது. தேத்தண்ணியிலை வாய் வைக்கேலாது. லொட்ஜ்காரன் குழாயை எங்கை விட்டிருக்கிறான் எண்டு ஒருக்கால் போய்ப் பாரும்."

"அதுக்குச் சாட்சி வேணும், அக்கா" என்றேன். சட்டம் படித்தவன் மாதிரி. இருபத்துமூன்று வயதில் என் மீசையும் அப்படித்தான், இல்லாததைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

சாட்சியை அவ தேடினா. அவவின் தங்கச்சி பனையோலைப் பெட்டி இழைக்கிறவ. ஓலைக்குச் சாயம் காய்ச்சுகிற தூள் தெரியுமா? ஒரு சிட்டிகை விழுந்தால் கை பத்து நாளைக்கு ஊதா. அந்தத் தூளில் மூன்று பெட்டி வாங்கி, இரண்டு பேரும் கோயிலுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டிக்கொண்டு, கையில் பயணப் பையோடு லொட்ஜுக்குப் போனார்கள். மன்னாரில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம், பகலுக்கு ஓர் அறை வேண்டும் என்று கேட்டார்கள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டித் தூள் முழுவதையும் கக்கூசில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே வரும்போது தங்கச்சிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லையாம். மெற்றில்டா அக்கா சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒழுங்கைக் கிணற்றில் முதல் வாளி அள்ளியவர் கத்தினார். தண்ணீர் ஊதா.

பத்து மணிக்கு மெற்றில்டா அக்கா ஒரு வாளி நிறைய அதைச் சுமந்துகொண்டு கந்தோருக்கு வந்து, பெரிய ஐயாவின் மேசையில் கோப்புகளுக்கு மேலே வைத்தா. நடந்ததை ஒளிக்காமல் சொன்னா.

"உங்கடை கந்தோர் கேட்ட சாட்சி, ஐயா."

பெரிய ஐயா வாளியைப் பார்த்தார். பிறகு அவவைப் பார்த்தார். "அப்ப கிணத்துக்குச் சாயம் போட்டுப் பழுதாக்கினது நீர்."

"நான் கிணத்திலை போடேல்லை. லொட்ஜின்ரை கக்கூசிலை போட்டனான்."

"குடிக்கிற தண்ணியைப் பழுதாக்கிறது குற்றம். பொலிசுக்கு எழுதினா உள்ளை போகோணும். சத்தம் போடாமல் வீட்டை போம்."

அவ போனதும் என்னைக் கூப்பிட்டு அறிக்கை எழுதச் சொன்னார். அடையாளம் தெரியாத ஆட்கள் கிணற்றில் சாயம் கலந்ததால் கிணறு மூடப்படுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லொட்ஜ் என்ற சொல் அதில் இல்லை. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வீட்டில் இரண்டு தங்கச்சிமார், இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். நல்ல எழுத்து என்று பெரிய ஐயா பாராட்டினார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அவர்மேல் உள்ளது பாதி, மற்றப் பாதி யார்மேல் என்று உங்களுக்குத் தெரியும்.

கிணற்றடியில் அந்த அறிவித்தலை ஒட்டப் போனதும் நான்தான். மெற்றில்டா அக்கா கிட்ட வந்து வாசித்தா. கடைசி வரியில் விரலை வைத்தா.

"இது உம்மடை பேரோ, தம்பி?"

"ஓம்."

வேறொன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒழுங்கைச் சனம் முழுக்கப் பாழ்ங்கிணற்றடியில் கூடியது. அந்தப் பக்க மதில் ஏற்கெனவே இடிந்து கிடந்தது. காய்ச்சலில் விழுந்தவர்களில் ஒருவர் ஒழுங்கையில் இருந்த மேசனின் மகன். மேசன் மூக்கில் துணி கட்டி, ஏணி வைத்து இறங்கி, குழாயின் வாய்க்குள் சாக்கை அடைத்துச் சீமெந்தால் பூசினார். ஒன்பது வீட்டாரும் பட்டப்பகலில் சுற்றி நின்றார்கள். லொட்ஜ் பெடியள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே எடுத்தார்கள்.

திங்கட்கிழமை லொட்ஜின் கீழ்மாடிக் கக்கூஸ்கள் எல்லாம் பொங்கி, சாப்பாட்டுக் கடைக்குள் வந்தது. அதைப் பார்க்க நான் வேண்டுமென்றே அந்தத் தெருவால் சைக்கிள் ஓடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து கத்தினார்.

"என்ரை குழாயை அடைச்சது ஆர்?"

மெற்றில்டா அக்கா படலைக்கு வெளியே வந்தா. "நாங்கள் எல்லாரும். உங்கடை பீயை நாங்கள் ரண்டு மாதம் குடிச்சம், ஐயா. நீங்கள் ஒரு நாள் மணந்து பாருங்கோ."

இரண்டு கிழமை லொட்ஜ் பூட்டிக் கிடந்தது. பிறகு முதலாளி முன் முற்றத்தை உடைத்து, வரைபடத்தில் கீறியிருந்த அதே தொட்டியைக் கட்டினார். உள்ளங்கை அளவு வளவில் இடம் வந்தது. ஒழுங்கைச் சனம் கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றிற்று. அடுத்த மாரி முடிந்த பிறகுதான் குடிக்கத் துணிந்தார்கள். ஜெசிந்தா பிழைத்தாள், தலைமயிர் முழுக்கக் கொட்டிப் பிறகு சுருளாக முளைத்தது.

இடியப்பம் மட்டும் மீளவில்லை. நோட்டீஸ் வந்த வீடு என்று கடைக்காரர் எடுக்க மறுத்தார்கள். நோட்டீசை நீக்க ஒரு கடிதம் போதும். நான் இரண்டு தரம் எழுதி வைத்தேன், பெரிய ஐயா இரண்டு தரமும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். மூன்றாம் தரம் நான் எழுதவில்லை. மெற்றில்டா அக்கா கருவாடு விற்கத் தொடங்கினா.

பிறகு சண்டைகள் வந்தன, வேறு வேறு ஆமிகள் வந்தன. லொட்ஜில் குண்டு விழுந்தது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, முழு யாழ்ப்பாணமும் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போனது. விடியும்போது நான் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் நின்றேன். ஆயிரக்கணக்கில் சனம், ஒரு கிணறு. கிணற்றுக் கட்டிலே கயிறும் கையுமாக நின்று ஒரு மனுசி கத்திக்கொண்டிருந்தா.

"கிணத்தடியிலை ஒருத்தரும் குந்தாதேங்கோ! அங்காலை போங்கோ, பனைக்கு அங்காலை!"

மெற்றில்டா அக்காவின் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மட்டுக் கட்டிவிட்டா. "கந்தோர்த் தம்பியெல்லே? சும்மா நிக்காமல் ஒரு மண்வெட்டி தேடி எடும். கக்கூசுக்குக் கிடங்கு வெட்டோணும், கிணத்துக்குத் தூர."

வெட்டினேன். அவ வந்து பார்த்தபோது, பதினொரு வருடமாக வாய்க்குள் கிடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "அக்கா, அந்த நோட்டீஸ்..."

"இப்ப உதையே கதைக்கிறீர்? இன்னும் ஆழமா வெட்டும்."

என் உத்தியோக காலத்தில் சுகாதாரத்துக்கு நான் செய்த உருப்படியான வேலை அந்தக் கிடங்குகள்தான். நாலைந்து நாளில் அவவின் குடும்பம் வன்னிப் பக்கம் போனது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்குக் கக்கூசால் வந்து மண்டபத்துக்குத் திரும்பாமல் அந்த ஒழுங்கைக்கு நடந்தேன். ஒன்பது வீட்டில் ஒன்றும் இல்லை. கிணறு இருந்த இடத்தில் சீமெந்துக் கற்கள் பதித்த வாகனத் தரிப்பிடம். லொட்ஜ் இருந்த வளவிலும் ஒழுங்கையிலுமாகச் சேர்த்து ஐந்து மாடியில் ஒரு கட்டடம். வாசலில் நின்ற இளம் மனேச்சர் மரியாதையாகக் கதிரை போட்டுத் தந்தார்.

"தம்பி, உங்கடை கக்கூஸ் தண்ணி எல்லாம் எங்கை போகுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது கீழை போகுது, ஐயா."

"கீழை எண்டால்?"

"கீழைதான்" என்று சிரித்தார்.

நான் கேட்டேன், நாற்பது வருடம் பிந்தி. இனி அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்க, பதில் வரும்வரை படலையில் நிற்க, அந்த ஒழுங்கையில் ஒருவரும் குடியிருக்கவில்லை.