அண்ணன் படத்துக்குப் பூ

ஆடி அமாவாசை அன்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்காரம்மா என் அண்ணன் படத்துக்கு ஒரு முழம் மல்லிகைப் பூ போட்டார். நெற்றியில் சந்தனமும் வைத்தார். அம்மா அந்தப் பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு, அவர் கையைப் பிடித்து முறுக்கினாள்.

நான் அப்போது தி.நகரில் துணிக்கடையில் இருந்தேன். பட்டுப் பிரிவில் சூப்பர்வைசர் வேலை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால், அம்மா ஈரத்துணியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தனம் எப்போதோ போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை.

அதற்கு முன்பே மாடிப்படியில் வீட்டுக்கார மாமி என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடீ இது அநியாயம்? அமாவாசையும் அதுவுமா படம் வெறுமனே இருக்கேன்னு ஒரு பூ வச்சேன். அதுக்கு உங்கம்மா கையை ஒடிக்க வரா. ஆத்துல சின்னக் கொழந்தைகள் இருக்கு. நல்ல டாக்டரா பார்த்துக் காட்டு. இல்லேன்னா வேற எடம் பார்த்துக்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களை யார் எங்கள் வீட்டுக்குள் வந்து பூ போடச் சொன்னார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இந்த வீடு கிடைப்பதற்கு முன் பதினேழு வீடு ஏறி இறங்கியவள் நான். சிலோனா என்று கேட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கதவைச் சாத்தியவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "சாரி மாமி" என்றேன்.

உள்ளே அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "என்ர பிள்ளைக்கு மாலை போட இவ ஆர்?"

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போரின் கடைசி நாட்களில் நான் இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா செல் குண்டு விழுந்து அங்கேயே போய்விட்டார். அம்மாவும் அண்ணனும் சனத்தோடு சனமாக ராணுவத்தின் பக்கம் நடந்து வந்தார்கள். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்கள்கூடப் பெயர் கொடுக்க வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். அதற்கு முன்பு அண்ணனை இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்திருந்தது. அம்மா அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தானே ஒப்படைத்தாள். அவன் பஸ்ஸில் ஏறினான். அதோடு சரி. மறு ஆண்டு அம்மா மட்டும் சென்னைக்கு வந்து சேர்ந்தாள்.

செத்தவர் படத்துக்குத்தான் பூ. எங்கள் வீட்டில் அப்பா படத்துக்குப் பூ உண்டு, விளக்கு உண்டு. அண்ணன் படம் என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவனுக்கு நாங்கள் திவசம் கொடுத்ததில்லை. கொடுக்கவும் மாட்டோம். இது பைத்தியம் என்றால், எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பைத்தியம் இருக்கிறது.

ஆனாலும் வீடு போய்விடுமே என்று அம்மாவை அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அம்மாவுக்குத் தூக்கமும் சரியில்லை, அது வேறு. ஏசி அறை. டாக்டர் மரியாதையானவர்தான். ஆனால் பத்து நிமிடமும் என் முகத்தைப் பார்த்தே பேசினார். அம்மா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் பேசுகிற தமிழ் அவருக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் அம்மா தூங்கினாள். மாமியும் சமாதானமானார்.

அடுத்த மாதம் ஊரிலிருந்து வக்கீல் பேசினார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வழக்கில் அம்மாவின் சாட்சியத்தை வீடியோவில் பதிவு செய்ய நாள் கிடைத்திருக்கிறது. அண்ணனை ஒப்படைத்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவள் அம்மா மட்டும்தான். இத்தனை ஆண்டுகளாக அவள் காத்திருந்தது அதற்காகத்தான். "வயதான ஆள் என்றபடியால் மனநிலை சரியில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லப் பார்க்கும். ஏதும் வைத்தியம் செய்யிறீங்களெண்டால் அந்தப் பேப்பரை முதல்லயே அனுப்புங்கோ" என்றார்.

அனுப்புவதற்காக எடுத்தபோதுதான் அந்தச் சிகிச்சைக் குறிப்பை முழுவதாகப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: மகன் இறந்ததை ஏற்கவில்லை, அவர் உயிரோடு இருப்பதாக உறுதியான பொய் நம்பிக்கை.

இந்த ஒரு வரி போதும். அம்மாவின் சாட்சியத்தைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம். அண்ணனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவன் நிம்மதியாக இருக்கிறான், பென்ஷன்கூட வாங்கிக்கொண்டிருப்பான். கேள்வி கேட்கிறவளுக்கு மாத்திரை, அவளுக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதாம்! கடைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவையும் இழுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன்.

காகிதத்தை மேசைமேல் போட்டேன். "என் அண்ணன் செத்துட்டார்னு உங்களுக்கு யார் சார் சொன்னது? அரசாங்கமே இன்னும் சொல்லலை. நீங்க எப்படி எழுதுவீங்க?" என்று கத்தினேன். வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "நீங்கதாம்மா சொன்னீங்க."

தகவல் தருபவர்: மகள். உடன்பிறந்தவர்: ஒரு அண்ணன், போரில் இறந்தவர்.

பொய்யில்லை. சொல்லியிருக்கிறேன். எப்போது சொன்னேன் என்றுகூட ஞாபகமில்லை, அவ்வளவு பழகிப்போன பதில் அது. காணாமல் போய்விட்டார் என்றால் எப்படி என்பார்கள். ராணுவம் கொண்டுபோனது என்றால் ஏன் என்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ அவர் அதுல இருந்தாரா?" என்பார்கள். அகதிப் பதிவுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போனாலும் அதே கேள்வி, கடையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதே கேள்வி. செத்துட்டார் என்றால் ஒரு 'அடப்பாவமே', அதோடு பேச்சு முடிந்துவிடும். என்னோடு இங்கே வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் சமாளிக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்துவிட்டது. மாமியிடமும் வீடு கேட்டபோது அதைத்தான் சொன்னேன். பாவம், அவர் செத்த பிள்ளைக்குத்தான் பூ வைத்தார். நான் மாமியை மனசுக்குள் திட்டினேன், டாக்டரை நேரிலேயே திட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க ஆளில்லை.

அம்மா அந்தப் பக்கத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் தமிழில்தானே சொன்னார்.

"சார், தப்பு என்னோடது. ஆனா இந்த முறை அம்மாகிட்ட கேளுங்க" என்றேன்.

அவர் நாற்காலியைத் திருப்பினார். "சொல்லுங்கம்மா. உங்க பையன் உயிரோட இருக்காருன்னு நினைக்கிறீங்களா?"

"எனக்கென்னெண்டு தெரியும்? அதைத்தானே நான் கேக்கிறன்" என்றாள் அம்மா. "நான் அவனைக் கையில பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான். மூண்டாவது பஸ். நீலச் சேட்டு போட்டிருந்தவன். வலப்பக்க யன்னல். குடுத்தது நான், வாங்கினது அவங்கள். உயிரோட இருந்தா உயிரோட தரட்டும். சாகடிச்சுப்போட்டாங்கள் எண்டா எலும்பைத் தரட்டும், நான் பூ வைக்கிறன். ரெண்டும் தராம, என்னை நித்திரை கொள்ளு எண்டா எப்பிடி ஐயா?"

டாக்டர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பழைய வரிக்கு என் தகவல்தான் காரணம் என்று குறித்து, புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் நம்பிக்கை எதுவும் இல்லை, நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கின்றன. மகன் நிலை தெரியாததால் ஏற்பட்ட துயரம், தூக்கமின்மை. சாட்சியம் அளிக்கத் தகுதியானவர். வாங்கிக்கொண்டேன்.

வெளியே வெயிலில் ஆட்டோவுக்கு நின்றோம். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"எத்தினை பேரிட்டச் சொன்னனீ, அவன் செத்திட்டான் எண்டு?"

"எல்லாரிட்டயும்தான் அம்மா."

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆட்டோவில் ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் கைப்பையை வைத்தாள்.

அடையாறு டிப்போ சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆயாவுக்கு ஒடம்புக்கு இன்னாம்மா? ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தியா? நீ ஒத்த பொண்ணுதானா, கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியா?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பினாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஒரு அண்ணன்" என்றேன். "ராணுவம் கூட்டிட்டுப் போச்சு. இன்னும் திருப்பித் தரலை."

"ஐயய்யோ! ஏன்மா இட்டுகினு போனானுங்க? இன்னா பண்ணாரு?"

இத்தனை ஆண்டுகளாக நான் ஓடி ஒளிந்த கேள்வி அது. சிக்னல் விழுந்தது. வண்டி பாலத்தில் ஏறியது. மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் முடிகிற கதையில்லை. அம்மா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது என்று ஆரம்பித்தேன்.