மூன்று வரலாறு கொண்ட டைப்ரைட்டர்

தொண்ணூறுகளில் எங்கள் அப்புத்தளைத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு டைப்ரைட்டர் பழுதுபார்க்க ஒருவர் வருவார். மூடுபனியிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். மெஷினைத் திறந்ததுமே, அதைச் செய்த கம்பெனியின் வரலாற்றை ஆரம்பித்துவிடுவார். அந்தக் கம்பெனி முதலில் துப்பாக்கி செய்ததாக, வேட்டைப் பிரியரான தோட்டத் துரையிடம் சொன்னார். மனைவிக்குத் தையல் மெஷின் தேடிய பெரிய கிளாக்கரிடம், தையல் மெஷின் என்றார். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளியே வேலைக்கு வரும் என்னிடம், சைக்கிள் என்றார்.

"ஒரே மெஷினுக்கு மூணு கதையா? துரைகிட்ட சொல்லிருவேன்" என்று மிரட்டினேன்.

"தாராளமா சொல்லுங்க கிளாக்கரய்யா. மூணு கம்பெனி மெஷினப் பிரிச்சுத்தான் இத ஓட வச்சிருக்கேன். உருளை துப்பாக்கிக் கம்பெனி, எழுத்தெல்லாம் தையல் கம்பெனி, மணி சைக்கிள் கம்பெனி."

நான் துரையிடம் சொல்லவில்லை. ஆனால், டைப் அடிக்கையில் வரி முடிந்து மணி ஒலிக்கும்போதெல்லாம், நாற்காலியோடு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.