கழலாத கிளிப்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மழை ஓய்ந்த சமயம். கோவாவில், பனாஜி ஆற்றங்கரை நடைபாதையில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் போனபிறகுதான் குனிந்து பார்த்தேன். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலே வந்திருந்தேன்.

கோபத்தில் கிளம்பியவனுக்கு அது தெரியவில்லை. அந்த ஊரில் ஆற்றின் நடுவே கப்பல்களை நிறுத்தி, உள்ளே சூதாட்டம் நடத்துகிறார்கள். ஒரு கப்பலில் கார்ப்பெட் மாற்ற எங்கள் செட்டைக் கூட்டிப் போயிருந்தார் மேஸ்திரி. அன்று காலை அவர் ஒரு வார்த்தை சொன்னார். நான் கார்ப்பெட் அறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பையோடு படகு ஏறிவிட்டேன். எனக்கு இது புதிதல்ல. எட்டாம் வகுப்பை அப்படித்தான் விட்டேன். கோயம்பேட்டில் மூட்டை தூக்கியதையும், ஓசூரில் பெயின்ட் அடித்ததையும் அப்படித்தான் விட்டேன். அடுத்து எங்கே என்று யோசித்துவிட்டு நான் எங்கிருந்தும் கிளம்பியதில்லை.

அந்தக் கப்பலுக்குள் சன்னல் கிடையாது. கடிகாரமும் கிடையாது. பாதிக் கூடத்தைத் திரை போட்டு மூடிவிட்டு நாங்கள் தரையை உரிப்போம். திரைக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். முட்டி போட்டு வேலை செய்கிறவனுக்கு முகம் தெரியாது, திரைக்குக் கீழே கால்கள்தான் தெரியும். ஜெயிக்கிற கால் ஆடும். தோற்கிற கால் தரையை அழுத்திக்கொண்டு நிற்கும். மேஜையோரம் கார்ப்பெட் எங்கே குழிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், எங்கே நின்று தோற்றிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஜாக்கெட்டைக் கொடுப்பதற்காகத் துறைக்குத் திரும்பினேன். அங்கே ஜாக்கெட் மாட்டிவிடுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். உள்ளூர்க்காரர். கழுத்தில் விசில். தினமும் எனக்கு மாட்டி, தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். திரும்பி வந்தால் ஒரு கையால் கிளிப்பை அழுத்துவார், 'டக்'கென்று விட்டுவிடும். அப்படிப்பட்டவர் இப்போது ஒரு ஆளின் கிளிப்போடு இரண்டு கையாலும் போராடிக்கொண்டிருந்தார். இழுக்கிறார், குனிந்து பார்க்கிறார், தலையில் அடித்துக்கொள்கிறார். படகில் வந்த மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.

நான் என்னுடையதை நானே கழற்றி வைத்துவிட்டு, உதவுகிறேன் பேர்வழி என்று போய் அந்த ஆளின் கிளிப்பில் கை வைத்தேன். ஜாக்கெட்காரர் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். முறைத்தார். கிளிப் நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த ஆளின் காலைப் பார்த்தேன். பிரவுன் ஷூ, இடது கால் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து திரைக்குக் கீழே ஒரே இடத்தில் நின்ற ஷூ அது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். தூங்காத கண்கள். கிளிப்பையோ எங்களையோ அவர் பார்க்கவில்லை. ஆற்றின் மேல் போகும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம் கழட்டச் சொல்லுங்க" என்று தமிழில் முணுமுணுத்தார், யாரிடம் என்றில்லாமல்.

"சார், தமிழா? நானு செங்கல்பட்டுப் பக்கம், படாளம்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, இத கழட்டச் சொல்லுங்கண்ணே. நான் அந்தப் பாலத்துக்குப் போணும்."

"பாலத்துல இன்னா சார் கீது?"

அவர் மறுபடி பாலத்தின் பக்கமே திரும்பிக்கொண்டார். ஜாக்கெட்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் என் கண்ணைப் பார்த்து, டீக்கடைப் பக்கம் தலையை ஆட்டினார். வேண்டுமென்றேதான் கழற்றாமல் வைத்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

"பேஜார் புட்ச்ச கிளிப்பு சார் இது. எண்ணெ வுட்டாத்தான் கயலும். எண்ணெ வர்றதுக்குள்ள ஒரு டீ சாப்டு" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

ஆரஞ்சு ஜாக்கெட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து அவர் டீ குடித்தார். கேட்டதற்கெல்லாம் பாதி பாதியாகப் பதில் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேலைக்காகச் சென்னைப் பக்கம் கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறார். ஆபீஸ் வேலையாக வந்திருக்கிறார். கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள், இவர் மட்டும் தங்கிவிட்டார். சொந்த வீட்டுக்கென்று சேர்த்தது முழுவதும் அந்தக் கப்பலில் போய்விட்டது. மனைவியிடம் மீட்டிங் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் நெஞ்சில் போன் அடித்தது. சட்டைப் பாக்கெட்டில், ஜாக்கெட்டுக்கு அடியில். அவர் அசையவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. ஜாக்கெட்காரர் அடுத்த படகில் போகிறவர்களுக்கு மாட்டிக்கொண்டே ஒரு கண்ணை எங்கள் மேலேயே வைத்திருந்தார்.

"வூட்லயா சார்?"

"ஆமா."

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? படாளத்தில் என் அக்கா இருக்கிறாள். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அவளுக்கு அன்று தெரியாது. அதை மட்டும் சொன்னேன்.

மூன்றாம் தடவை அடித்தபோது அவருடைய கை எழுந்தது. ஜாக்கெட்டுக்குள் விரலை நுழைத்து போனை எடுக்கப் பார்த்தார், எட்டவில்லை. ஜாக்கெட்காரர் எப்போது வந்தார் என்று தெரியாது. ஒரு கை, ஒரு அழுத்து, 'டக்'. ஜாக்கெட் விரிந்தது. போன் கைக்கு வந்தது.

"ஆமா... இங்கதான் இருக்கேன்... வந்துடுறேன்" என்றார். அப்புறம் அழுதார். ஜாக்கெட்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஜாக்கெட்காரரிடம் விசாரித்தேன். கப்பலிலிருந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுவாராம். சில முகங்களுக்கு கிளிப் சிக்கிக்கொள்ளும். மாட்டியிருக்கும்வரை அவர்கள் என் பொறுப்பு, கழற்றிவிட்டால் எங்கே போய்த் தேடுவது என்றார். நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். அப்படியானால் இவரோடு போ என்றார், கடைக்கு அனுப்புகிற மாதிரி.

போனேன். ரயிலில் கழிவறைப் பக்கம் நின்று அவர் மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். நான் அவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன். அவர் பேசி முடிக்க நிறைய நேரமானது. எனக்குக் கால் மரத்துவிட்டது.

மறுநாள் மாலை கேளம்பாக்கம். மூன்றாவது மாடி. அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். கணவரின் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "உள்ள வாங்கண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன். ரசமும் அப்பளமும். இனிமேல்தான் அவர்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தபோது அந்தப் பிரவுன் ஷூக்கள் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினேன்.

கோவளம் வரைக்கும் நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் படுத்து எழுந்து, அக்காவுக்கு போன் போட்டேன். நல்லாத் திட்டினாள், திட்டி முடித்துவிட்டு "சாப்ட்டியா?" என்றாள். அப்படியே வடக்கே நடந்து முட்டுக்காட்டுக்குப் போனேன். படகுச் சவாரி நடக்கிற இடத்தில் ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

"இன்னாய்யா தெரியும் உனுக்கு?" என்றார் அங்கிருந்தவர்.

"ஜாக்கெட்டு மாட்ட தெரியும்ணா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துக் கொடுத்தார். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு வந்து, சிரித்துக்கொண்டே கரை ஏறுகிறவர்கள்தான். இருந்தாலும் அன்று காலை மாட்டிய முதல் ஜாக்கெட்டிலிருந்து இன்றுவரை, முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்காமல் நான் ஒருவருடைய கிளிப்பையும் கழற்றியதில்லை.