சின்னப்பொண்ணுவின் நம்பர்

முதல் போன் வந்தபோது சின்னப்பொண்ணு கேன்டீனில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் கேன்டீன் அது.

"ஏஞ்சலின் இருக்காளா?" என்றது ஓர் ஆண் குரல்.

மகளோடு படிக்கிற பையன் யாரோ என்று நினைத்தாள். "அவ காலேஜுக்குப் போயிருக்கா. நான் அவ அம்மா பேசுறேன்."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். ஒருத்தன் இல்லை, இரண்டு மூன்று பேர். "அம்மாவும் இருக்கியா? ரேட்டு இன்னா?"

அவள் திட்டிய திட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைத்த போன் உடனே மறுபடி அடித்தது. இப்போது வேறொரு குரல், ஆனால் அதே கேள்வி. காலை முழுக்க அடித்தது. சிலர் ஆந்திரா பக்கத்திலிருந்து தெலுங்கில் கேட்டார்கள். எதற்கு இத்தனை பேர், தன் மகள் பெயர் இவர்களுக்கு எப்படித் தெரியும், ஒன்றும் புரியவில்லை.

எளாவூரில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. நட்ட நிலமெல்லாம் கம்பெனி ஷெட்டுகளாகி, அந்த ஷெட்டுகளிலேயே கூலி வேலைக்கு வந்தவள். புருஷன் ஆசீர்வாதம் பக்கத்துக் கம்பெனியில் வாட்ச்மேன். ஏஞ்சலின் அவர்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண், பி.காம். இரண்டாம் வருஷம்.

மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும் முன் வந்த ஒரு போனில் பேசிய குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். தினம் காலையில் "நாஷ்டா இன்னா இன்னிக்கு?" என்று கேட்கிற குரல். சூப்பர்வைசர் குப்புராஜ்.

கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராக ஷெட்டுக்குள் நடந்தாள். ஆட்கள் நடுவில் குப்புராஜ் நின்றிருந்தார்.

"சார், இப்ப எனக்குப் போன் பண்ணது நீங்கதானே?"

"உனக்கா? நான் ஏன் உனக்குப் பண்றேன்?"

அவள் கடைசியாக வந்த நம்பரைத் திரும்ப அழுத்தினாள். குப்புராஜின் சட்டைப் பையில் பாட்டுச் சத்தம் கிளம்பியது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"அது உன் நம்பர்னு சத்தியமா எனக்குத் தெரியாது சின்னப்பொண்ணு. நெட்ல போட்டிருந்தாங்க."

"எங்க போட்டிருக்காங்க? காட்டு."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் காட்டினார். ஏதோ சிநேகிதம் பிடிக்கிற இடமாம். ஏஞ்சலினின் முகம், காலேஜுக்காக ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கழுத்துக்குக் கீழே வேறு எவளுடையதோ உடம்பு. அதன் கீழே பெயர், சின்னப்பொண்ணுவின் நம்பர், பிறகு கண்டவனெல்லாம் எழுதிவைத்த வரிகள்.

"படி," என்றாள்.

"வேணாம்மா. அசிங்கமா கீது."

"போன் பண்ணும்போது இல்லாத வெக்கம் இப்ப படிக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

அவர் படிக்கவில்லை. அழுதார். அந்த அழுகை அவளுக்கு இன்னும் எரிச்சலைத்தான் மூட்டியது.

அந்த போட்டோ வெளியே போன வழி ஏஞ்சலினிடம் கேட்டதும் தெரிந்தது. அந்த 2009-ஆம் வருஷம் உதவித்தொகைக்கு இண்டர்நெட்டில் மட்டும்தான் விண்ணப்பிக்கணும், தாளில் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். ஏஞ்சலின் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அதை நடத்துகிற துளசிராமன் போட்டோவை ஸ்கேன் பண்ணி, எல்லாவற்றையும் அவனே டைப் அடித்தான். வீட்டில் இருந்த ஒரே மொபைல் அம்மாவுடையது. அந்த நம்பரைக் கொடுத்தாள். கம்ப்யூட்டரை அவள் தொடக்கூட இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி: "உன் பொண்ணு ஏம்மா இண்டர்நெட்ல போட்டோ போட்டா?"

"அவ போடல சார். போட்டோ குடுத்தாத்தான் ஆவும்னு நீங்கதான் கேட்டீங்க, கவருமெண்டும் காலேஜும். கேட்டீங்கன்னு குடுத்தா."

"இதெல்லாம் இங்க வராது. மெட்ராஸ்ல சைபர் கிரைம் இருக்கு. ஈமெயில்ல கம்ப்ளெயின்ட் அனுப்பு."

"ஈமெயிலுக்கு நான் எங்க போவேன்?"

"ஏதாவது பிரவுசிங் சென்டர்ல போய்க் கேளு."

வாசலில் நின்று அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

அன்று ராத்திரி ஆசீர்வாதம் சொன்னான்: "நம்பர மாத்திடு. பொண்ணு கொஞ்ச நாள் ஊட்லயே இருக்கட்டும்."

"ஒளியறதுக்கு அவ இன்னா திருடுனா?" என்று கேட்டாள்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு துளசிராமனிடம் போனாள். "என் மேல இன்னாக்கா தப்பு? யார் யாரோ வர்றாங்க, யார் எடுத்தாங்கன்னு நான் இன்னாத்த கண்டேன்?" என்றான். ஏஞ்சலின் அங்கே ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். அவள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேருடைய போட்டோக்களும் அவரவர் பெயரோடு திறந்து கிடந்தன. காசு கொடுத்து உட்காருகிற எவனும் எடுத்துக்கொள்ளலாம். அவள் சிநேகிதி சிஃபாவின் முகமும் அதில் இருந்தது.

சிஃபாவின் அம்மா மரியம் பீவி பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். சின்னப்பொண்ணு சொன்னதை முழுக்கக் கேட்டார். கல்லாவைப் பூட்டி, கடை ஷட்டரை இறக்கினார். "வா, இன்னும் யார் யார் பொண்ணு அதுல இருக்குன்னு சொல்லு. எல்லார் ஊட்டுக்கும் போலாம்."

அன்று மாலை ஸ்டேஷனுக்குள் ஒரு கூட்டம் அம்மாக்கள் நுழைந்தார்கள். குப்புராஜும் சாட்சி சொல்ல வந்தார். சின்னப்பொண்ணு அவரிடம் கெஞ்சவில்லை. வரவில்லை என்றால் போன் பண்ணியதை அவர் வீட்டில் போய்ச் சொல்வேன் என்றாள். நேற்று வராத கேஸ் இன்று வந்தது. துளசிராமனின் கம்ப்யூட்டர்களை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவற்றைத் தோண்டியதில் ஆள் தெரிந்தது. செய்தவன் அதே காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறவன். ஏஞ்சலினிடம் பேச வந்து, அவள் முகம் கொடுக்காமல் போனதுதான் காரணம். அவன் அப்பா லாரி கான்ட்ராக்டர், ஊரில் செல்வாக்குள்ளவர். காலேஜ் பிரின்சிபால் ஏஞ்சலினைக் கூப்பிட்டு, காலேஜ் பேர் கெடுகிறது, கொஞ்ச நாள் வராதே என்றார்.

அடுத்த நாள் காலை சின்னப்பொண்ணு மகளோடு போய் அவர் எதிரில் நின்றாள். "அவனையும் வராதேன்னு சொன்னீங்களா?"

"அவனுக்கு இது கடைசி வருஷம்மா. அவன் எதிர்காலம்..."

"என் பொண்ணுக்கு எதிர்காலம் இல்லியா? போட்டோவ நெட்ல குடுன்னு சொன்னது உங்க காலேஜு. அது எங்க போய்ச் சேருதுன்னு ஒரு ஆளாவது பாத்தீங்களா? அவ கிளாசுக்குப் போவா. நீங்க தடுத்தா கேட்ல குந்திக்கினு எல்லாத்தையும் மைக்குல சொல்லுவேன்."

ஏஞ்சலின் வகுப்புக்குப் போனாள். சில பெண்கள் பக்கத்தில் உட்காரவில்லை. சிஃபா உட்கார்ந்தாள்.

பையனின் வீட்டிலிருந்து சமாதானம் பேச வந்தார்கள். வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினாள். நெட்டில் இருந்த அந்தப் பக்கத்தை எடுக்கவே மாசக்கணக்காயிற்று. எடுத்த பிறகும் அந்தப் படம் வேறெங்கோ முளைத்தது. பையன் கைதாகி, ஜாமீனில் வந்து, வேறு ஊரில் படிப்பை முடித்தான். ஏஞ்சலின் பி.காம். தேறி ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் போட்டோ கேட்டால் ஒருமுறை யோசித்துத்தான் கொடுக்கிறாள்.

கேஸ் பொன்னேரி கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போனது. வாய்தா தோறும் சின்னப்பொண்ணு லீவு போட்டுப் போனாள். பையனின் அப்பா காரிலிருந்து இறங்கும் இடத்தில், அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகம்தான் தெரிகிற மாதிரி நின்றுகொள்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போகவேண்டியிருந்தது.