ஆமென் சொல்லாமல் நின்ற ஜெபம்

சபை நடுவில் எழுந்து நின்று அழுதுகொண்டே சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். கேட்பதற்கு இனிப்பாக இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் மைசூரில் யாருக்குத்தான் வரவில்லை, படுத்து எழுந்துவிடுவார் என்று இருந்தேன். சனிக்கிழமை காலை பல் விளக்கப் போனவர் வாயெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில், பிளேட்லெட் ரொம்ப இறங்கிவிட்டது, உடனே ஏற்ற வேண்டும் என்றார்கள். இவருடையது லேசில் கிடைக்காத ரத்த வகை. எங்கே கேட்டும் இருப்பு இல்லை. அதே வகை உள்ள ஆளை நாளைக்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

எங்கள் தமிழ்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ரத்த வகையை எழுதி, யாராவது வாருங்கள் என்று கெஞ்சினேன். பதில் வந்தது பாருங்கள்! வரிசையாகக் கைகூப்பும் படம். ஒரு சகோதரர் பூங்கொத்துப் படமும் சேர்த்து அனுப்பினார், சாவு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை முன்கூட்டியே அனுப்பினாரோ என்னவோ. உன் ரத்தம் என்ன வகை என்று பக்கத்து வீட்டில் கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டை விரலால் ஜெபிக்கிற ஜனங்கள்.

நேரில் வந்தவர்கள் அதற்கும் மேல். சாமராஜநகரிலிருந்து என் நாத்தனார் பஸ் பிடித்து வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காப்பியைக் குடித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் ஏதோ பாவத்த மறைச்சு வெச்சிருக்கீங்க, அதான் அடி விழுது" என்றார். ஊரிலுள்ள மற்ற டெங்கு நோயாளிகள் எல்லாரும் என்ன மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார், நிம்மதி. அடுத்து ஒரு தீர்க்கதரிசி போன் செய்தார். என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு நாய் நிற்பதைத் தரிசனத்தில் கண்டாராம். ரத்தம் கொடுக்க ஆள் யாரும் தரிசனத்தில் தெரிகிறார்களா என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

இப்போது எங்கள் கோயிலின் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். ஒரே கட்டடத்தில் முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் கன்னட ஆராதனை. எங்கள் ஆட்கள் நேரத்துக்கு முடித்ததே கிடையாது. கன்னடச் சபையார் வெளியே படிக்கட்டில் வேண்டுமென்றே பாட்டுப் பயிற்சி நடத்துவார்கள். தமிழ்ச் சபையின் செயலர் என் வீட்டுக்காரர்தான். கன்னடச் சபையின் செயலர் பிரசன்னகுமார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும், இவர் கடைசி ஜெபத்தை இன்னும் இழுப்பார். ஆண்டவருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற சண்டை அது. இந்த லட்சணத்தில் ஒரு சபை அறிவிப்பை மற்றொரு சபையில் வாசிப்பதும் நின்றுபோயிருந்தது. அதனால் என் வீட்டுக்காரர் உயிருக்குப் போராடுவது அடுத்த ஆராதனைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. ஒரே கூரை, ஒரே பீடம், ஒரே கர்த்தர். தகவல் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

ஞாயிறு காலை மகள் ஷீலாவை இவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். முன்வரிசையில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இந்த மனுஷனை எனக்குத் திருப்பிக் கொடும், இதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை என்றேன். இவர் இல்லாததால் எங்கள் போதகர் ஐயரே கடைசி ஜெபத்தை இவருக்காக ஆரம்பித்தார். படத்தோடு நின்றுகொண்ட ஜனம்தான், என்னைக் கண்ணால் பார்த்ததும் ஒவ்வொருவராக முழங்கால் போட்டார்கள். நேரம் தாண்டியது. வெளியே பாட்டுப் பயிற்சி தொடங்கியது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ விறுவிறுவென்று உள்ளே வரும் சத்தம். பிரசன்னகுமார்தான். இன்றைக்கு ஒரு ரகளை இருக்கிறது என்று பயந்து எழப் பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். நானும் கன்னடத்திலேயே சொன்னேன், ரத்த வகையையும் சேர்த்து.

"ஏளபேடி அக்கா" என்றார், எழுந்திருக்க வேண்டாம் என்று. அப்படியே என் பக்கத்தில் முழங்கால் போட்டார். ஐயர் ஆமென் சொல்லுமுன் அவர் கன்னடத்தில் ஜெபத்தைத் தொடர்ந்தார். படிக்கட்டில் நின்றவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருவரும் வெளியே போகவில்லை. இடம் போதாமல் இரண்டு சபையாரும் இடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார்கள். யார் எந்த மொழியில் கதறினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கே தேம்பித் தேம்பி அழுதேன்.

ஜெபம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பிரசன்னகுமாரின் மருமகன். அவருக்கும் இவருடைய ரத்த வகையே! கோயிலுக்கு உடுத்தி வந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பரிசோதித்துவிட்டு எடுத்து இவருக்கு ஏற்றினார்கள். மறுநாள் நான் கீழே மருந்து வாங்க நின்றபோது ஷீலா போன் செய்தாள். "அம்மா, ரத்தம் நின்னுடுச்சு. அப்பா கஞ்சி கேக்கறாரு."

இதில் அற்புதம் எங்கே இருக்கிறது, ரத்தம் கொடுத்தவர் எப்போதும் அந்தக் கோயிலில்தானே இருந்தார் என்று ஒரு படித்த உறவுக்காரர் என்னிடம் கேட்டார். இருந்தார் ஐயா, வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். எங்கள் இரண்டு செயலர்களின் வீம்பு உமக்குத் தெரியாது. அவர்கள் பின்னால் பிரிந்து நின்ற இரண்டு சபையையும் ஒரே வரிசையில் குனிய வைக்க மனுஷனால் ஆகாது. எனக்கு அதுவே அற்புதம். உமக்கு வானம் பிளக்க வேண்டுமென்றால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிரும்.

இவருக்குப் பேசத் தெம்பு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஆமென் யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"பிரசன்னகுமார்தான்."

இப்போதும் எங்கள் ஆராதனை அப்படித்தான் நடக்கிறது. இவர் நேரத்துக்கு எழுந்து கடைசி ஜெபத்தைச் செய்வார், ஆமென் சொல்லாமல் நிறுத்துவார். வாசலில் காத்திருக்கும் பிரசன்னகுமார் உள்ளே வந்து கன்னடத்தில் தொடர்ந்து முடிப்பார். இரண்டு சபையின் நோயாளிகள் பெயரும் அந்த ஒரே ஜெபத்தில் வந்துவிடும். ஆமென் மட்டும் எல்லாருமாகச் சொல்கிறோம். என் வீட்டுக்காரரை உயிரோடு என் பக்கத்தில் நிறுத்தியிருக்கிற ஆண்டவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு வார்த்தையில்தான் நன்றி சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே ஜெபித்துக்கொள்கிறோம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். கைகூப்பும் படத்தை எனக்கு அனுப்பாதீர்கள், பார்த்த உடனே அழித்துவிடுகிறேன். உங்களுக்கும் ஒரு நாள் வாய் நிறைய ரத்தம் வரலாம். அதற்கு முன்னால் கோயிலுக்கு வாருங்கள். யார் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையோ, அவர் பக்கத்தில் முழங்கால் போடுங்கள். நீங்கள் கேட்டதை ஆண்டவர் அவர் கையில் கொடுத்து வைத்திருப்பார்.